சுரங்கம் மூடிய பிறகு அங்கே நெல் விளையுமா?

கேள்வி: ஒரத்தநாடு வட்டத்தில் ஒரு கிராமத்தில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். சொந்தமாக மூன்று மா (ஒரு ஏக்கர்), கோயில் நிலம் ஐந்து மா குத்தகைக்குச் செய்கிறோம். 2023-இல் எங்கள் பக்கம் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்து, பிறகு நீக்கினார்கள். இப்போது வெளியூர் ஆள் ஒருவர் வந்து, "எப்படியும் சுரங்கம் வரத்தான் போகிறது, இப்பவே விற்றுவிடுங்கள். விற்க மனசில்லை என்றாலும் பயமில்லை, எடுத்து முடிந்ததும் நிலத்தைச் சமப்படுத்தித் திருப்பித் தரணும் என்று சட்டமே இருக்கு" என்கிறார். நெய்வேலிப் பக்கம் வேலை பார்த்த என் தம்பியும், மூடிய இடத்தில் மரம் நன்றாக நிற்கிறது என்கிறான். திருப்பித் தருவார்களா? தந்தால் நெல் போட முடியுமா? குத்தகைக்காரர்களுக்கு என்ன கிடைக்கும்? நாங்கள் இப்போது என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

சுரங்கத் திட்டமும், எடுத்து முடிந்த பின் நிலத்தை என்ன செய்வது என்று சொல்லும் மூடல் திட்டமும் எழுதும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். முதலில் அந்த ஆளுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில்: "எந்த அறிவிப்பு? அரசிதழ் எண், தேதி கொடுங்கள்." வெறும் பேச்சை நம்பி ஒரு குழி நிலத்தைக்கூட விற்காதீர்கள்.

2023-இல் நடந்ததைச் சரியாக நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலப் பட்டியலில் உங்கள் பக்கத்து வடசேரி, கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒரு பகுதி, அரியலூர் மாவட்டத்தில் மைக்கேல்பட்டி என்று மூன்று இடங்களைச் சேர்த்திருந்தது. ஏப்ரல் 4-ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களிலேயே அப்போதைய நிலக்கரி அமைச்சர் பிரகலாத் ஜோஷி மூன்றையும் ஏலத்திலிருந்து நீக்குவதாக அறிவித்தார். ஏலத்திலிருந்து நீக்கினார்கள். ஆனால் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி (லிக்னைட்) இருக்கிறது என்ற ஆய்வுக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. அதனால் பயப்படவும் வேண்டாம், முழுசாக மறந்துவிடவும் வேண்டாம்.

உங்களுக்கு ஒரு சட்டக் காப்பு இருக்கிறது. 2020-இல் வந்த தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் தஞ்சாவூர் மாவட்டம் முழுவதும் வருகிறது. இது பெரிய பலம். ஆனால் சட்டம் வந்தபோது தடைப் பட்டியலில், பூமியிலிருந்து எடுப்பவற்றில் எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு, அது மாதிரியான ஹைட்ரோகார்பன் என்றுதான் எழுதினார்கள். திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் என்று தனி வரி போடவில்லை. அதோடு கனிம ஒழுங்குமுறை மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் இருப்பது. நாளைக்கு யாராவது நீதிமன்றம் போனால் இந்த இரண்டு இடங்களில்தான் வாதம் நடக்கும். பழுப்பு நிலக்கரியின் பெயர் அந்தப் பட்டியலில் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்பது, பத்து ஊர்வலத்தைவிடப் பயனுள்ள வேலை என்று நான் நினைக்கிறேன்.

சரி, அனுமதிகள். ஆழ்துளை போட்டு ஆய்வு, ஏலம் அல்லது ஒதுக்கீடு, சுரங்கத் திட்டம், அதோடு சேர்ந்த மூடல் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, நிலம் எடுப்பு, சுரங்கக் குத்தகை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் அனுமதி. ஏறக்குறைய இந்த வரிசைதான், சிலது பக்கத்தில் பக்கத்தில் நடக்கும். இதில் ஊர்க்காரர் குரல் நேராகப் போய்ச் சேரும் இடம் சுற்றுச்சூழல் அனுமதி. அதனால் அங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இதற்கு அடிப்படை. கம்பெனி முதலில் ஆய்வு வரம்பு கேட்டு விண்ணப்பிக்கும். எதையெல்லாம் படிக்க வேண்டும் என்று நிபுணர் குழு அங்கேதான் தீர்மானிக்கும். பிறகு ஆய்வு, வரைவு அறிக்கை, மக்கள் கருத்துக்கேட்பு, இறுதி அறிக்கை, அனுமதி. எல்லோரும் கருத்துக்கேட்பு நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் டெல்டாவுக்கு அதைவிட முக்கியமான கட்டம் ஆய்வு வரம்பு. காரணத்தைச் சொல்கிறேன்.

சுரங்கத்துக்கு முன் நிலம் எப்படி இருந்தது என்ற அடிப்படை ஆய்வைப் பருவமழை அல்லாத ஒரு பருவத்தில் எடுத்தால் போதும் என்பது விதி. வழக்கமாக மார்ச் முதல் மே வரை எடுப்பார்கள். மேட்டூரில் ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது நம் வழக்கம். மார்ச், ஏப்ரலில் உங்கள் வயல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சம்பா அறுத்து முடிந்திருக்கும். உளுந்தும் எடுத்திருப்பார்கள். தாள் காய்ந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருக்கும், களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும், வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஆய்வு செய்ய வந்தவர் அதைத்தான் படம் எடுப்பார். அறிக்கையில் "பருவகால ஓடை", "தரிசு" என்று எழுதிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கார்த்திகை மாதம் அதே இடத்தில் வாய்க்காலும் வயலும் வடிகாலும் ஒரே தண்ணீராக நிற்பது அந்த அறிக்கையில் எங்கேயும் வராது. முப்பது வருடம் கழித்து எதை மாதிரி மீட்க வேண்டும் என்று கேட்டால் அந்தக் கோடைப் படம்தான் அளவுகோலாக நிற்கும். ஆகவே உங்கள் பகுதிக்கு எப்போதாவது விண்ணப்பம் வந்தால், ஆய்வு வரம்புக் கட்டத்திலேயே நிபுணர் குழுவுக்குக் கடிதம் போடுங்கள்: குறுவை, சம்பா, வடகிழக்குப் பருவமழை என்று முழு வருடமும் அளக்க வேண்டும் என்று. விண்ணப்பங்கள் எல்லாம் 'பரிவேஷ்' என்ற மத்திய அரசு இணையதளத்தில் வரும். உங்கள் ஊரில் படித்த பிள்ளை ஒருவர் மாதம் ஒரு முறை அதைப் பார்த்தால் போதும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உயரதிகாரியோ தலைமை தாங்குவார். குறைந்தது 30 நாள் முன்னால் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். கூட்டம் முழுவதும் காணொளியில் பதிவாகும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டி, அன்றைக்கே கையெழுத்தாக வேண்டும். பெரும்பாலான கூட்டங்களில் கூச்சல் முடிந்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள், வாசிப்பைக் கேட்க ஆளிருக்காது. நீங்கள் கடைசிவரை உட்காருங்கள். "வேண்டாம்" என்று சொல்வது உங்கள் உரிமை, அதைச் சத்தமாகவே சொல்லுங்கள். அதோடு கேள்விகளை எழுதியும் கொடுங்கள். அதில் சுற்றுச்சூழல் பற்றிய முக்கியமான ஒவ்வொன்றுக்கும் இறுதி அறிக்கையில் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். பின்னால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நிற்கும்போது அந்தத் தாள்தான் உங்கள் கையில் இருக்கும். அனுமதியை எதிர்த்து முறையிட 30 நாள்தான் கெடு. தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள், அதற்கு மேல் கதவு மூடிவிடும். நமக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது.

கிராமசபைத் தீர்மானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வார்டு உறுப்பினர் என்பதால் சொல்கிறேன். பழங்குடிப் பகுதிகளில் இருப்பது மாதிரி நம் பக்கத்து கிராமசபைக்குத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் கிடையாது. ஆனால் நல்ல சாட்சி ஆவணம். "எதிர்க்கிறோம்" என்று ஒரு வரியில் முடிக்காமல், எத்தனை ஏக்கர், எத்தனை போகம், எந்த வாய்க்காலில் பாசனம், எத்தனை குடும்பம் குத்தகையிலும் கூலியிலும் வாழ்கிறது என்று எழுதித் தீர்மானம் போடுங்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி.

திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் இல்லை. மூடல் திட்டம் எழுத வேண்டும், நிலத்தை மீட்க வேண்டும் என்றுதான் விதி. மீட்டதை உங்களுக்குத் தர வேண்டும் என்று எங்கேயும் இல்லை. நிலக்கரி தாங்கிய பகுதிகள் சட்டம் 1957-இன் கீழ் எடுத்த நிலத்தைப் பற்றி 2022 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒரு கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. நிலக்கரி எடுத்து முடித்த நிலத்தை மின்நிலையம், சூரிய மின்சாரம், நிலக்கரி சார்ந்த கட்டுமானம், அழித்த காட்டுக்கு ஈடாகக் காடு வளர்ப்பு, மறுகுடியமர்வு போன்றவற்றுக்குக் குத்தகைக்கு விடலாம், உரிமை அரசு நிறுவனத்திடமே இருக்கும் என்பது அதன் சாரம். பழைய விவசாயிக்குத் திருப்பித் தருவது அந்தப் பட்டியலில் இல்லை. அந்த ஆள் சொன்னது தவறு.

தந்தாலும் நெல் விளையுமா? உங்கள் தம்பி சொன்னது உண்மை, நெய்வேலியில் நிரப்பிய இடங்களில் மரம் செழிப்பாகத்தான் நிற்கிறது. ஆனால் மரத்துக்கு வேண்டியதும் நெல்லுக்கு வேண்டியதும் வேறு. மரம் மேட்டிலும் நிற்கும், சரிவிலும் நிற்கும், வேர் தானே வழி தேடிக்கொள்ளும். நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், வயல் மட்டமாக இருக்க வேண்டும், வாய்க்காலிலிருந்து தானாகப் பாய்ந்து வடிகாலில் தானாக இறங்க வேண்டும்.

தண்ணீர் நிற்பது எதனால்? நீங்கள் வருடா வருடம் தொளி அடித்து உழும்போது மேல் சேற்றுக்குக் கீழே கொழுவின் அடி பட்டுப் பட்டு இறுகிய ஒரு தட்டு உருவாகியிருக்கும். கடப்பாரை போட்டால் "டொக்" என்று கை அதிரும் இடம். அதற்குக் கீழே களி. பல தலைமுறை உழவில் உண்டானது அந்தத் தட்டு. சுரங்க இயந்திரம் ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அள்ளுகிறது, நெய்வேலிக் கணக்கு அப்படி. மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று அனுமதியிலேயே நிபந்தனை இருக்கும். ஆனால் உயரமாகக் குவித்து வருடக்கணக்கில் போட்டு வைத்தால் உள்ளே காற்றில்லாமல் மண்ணின் உயிர் போய்விடும். திரும்பப் பரப்பும்போது அடியில் இருப்பது ஆழத்திலிருந்து வந்த மணலும் மணற்கல் தூளும். அதன்மேல் ஒரு அடி வண்டல் போட்டுத் தண்ணீர் கட்டினால், சாயங்காலம் கட்டிய தண்ணீர் விடியலில் இருக்காது.

இன்னொரு சங்கடம், நிரப்பிய மண் தணியும். பல பத்து மீட்டர் ஆழத்துக்குக் கொட்டிய மண் வருடக்கணக்கில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக உட்காரும். தோப்புக்கு அது பெரிய விஷயமில்லை. வயலுக்கு ஒரு சாண் வித்தியாசம் வந்தாலே ஒரு மூலை மூழ்கும், ஒரு மூலை காயும். பாத்திக்குள் இருக்கும் மேடு பள்ளத்தையாவது பரம்படித்துச் சரி செய்யலாம். வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய சரிவு கெட்டால் என்ன செய்வது? உங்கள் பக்கம் பாசனம் கல்லணைக் கால்வாயில், நம் ஊரில் புது ஆறு என்பார்களே, அதில். அங்கே மதகின் மட்டம் நிலையானது. நிரப்பிய நிலம் அதைவிட இரண்டடி உயர்ந்தால் தண்ணீர் ஏறாது, இரண்டடி தாழ்ந்தால் குளம்தான். நடுவில் ஒரு பள்ளமும் அதைச் சுற்றி வெள்ளம் புகாமல் கரையும் போட்டால், மேலே இருக்கும் ஊர்களின் வடிகால் எங்கே போகும் என்ற கேள்வி அந்த ஊர்க்காரர்களுக்கு. சுரங்க எல்லைக்குள் நிலம் இல்லாதவர்களும் இதில் பாதிக்கப்படுகிறார்கள்.

நிலத்தடி நீரும் அப்படித்தான். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நீர்த்தாங்கி இருக்கிறது. அதைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து தண்ணீர் பீறிடும் என்பதால் இரவு பகலாக இறைக்கிறார்கள். எல்லைக் கல்லோடு அந்த இறைப்பின் விளைவு நிற்காது. உங்கள் பகுதி போர்வெல் தென்னைக்கும், இன்னும் தெற்கே பட்டுக்கோட்டைக் கடற்கரை வரை கடல் நீர் உள்ளே வருவதற்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம்.

பணம் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்றும் பார்ப்போம். மூடலுக்காகக் கம்பெனி எஸ்க்ரோ என்ற பூட்டுப் போட்ட வங்கிக் கணக்கில் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும், நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாது. நல்ல ஏற்பாடு. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு 2009-இல் ஹெக்டேருக்கு 6 லட்சம் என்று தொடங்கி, 2020-இல் 9 லட்சம் ஆக்கினார்கள். 2025 ஜனவரியில் வழிகாட்டுதலை மறுபடி திருத்தினார்கள். 9 லட்சம் என்பது ஏக்கருக்கு மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், நம் கணக்கில் மா ஒன்றுக்கு சுமார் ஒன்றேகால் லட்சம். அதற்குள் பள்ளம் நிரப்ப, சரிவு சீராக்க, வேலி போட, மரம் நட, எல்லாம். தணிந்த மண்ணை மட்டம் பிடித்து, களித்தட்டு உண்டாக்கி, வாய்க்கால் வெட்டி வயலாக்க அது எங்கே போதும்? மேலும் அந்தப் பணத்தை விடுவிக்கும்போது வேலை நடந்ததா என்றுதான் தணிக்கை பார்க்கும், விளைந்ததா என்று பார்க்காது. 2020 ஜனவரி 8-இல் உச்ச நீதிமன்றம், சுரங்கம் முடிந்த நிலத்தில் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் வாழத்தக்கதாக்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையில் சேர்க்கச் சொன்னது. நல்ல உத்தரவு. ஆனால் அதன் அளவுகோல் தீவனம். நெல் அளவுகோல் நம் விதிகளில் இதுவரை இல்லை.

அமெரிக்காவில் 1977-இல் வந்த திறந்தவெளிச் சுரங்கச் சட்டத்தில் முதல்தர விளைநிலத்துக்கென்று தனி விதி இருக்கிறது. மண்ணை அடுக்கு அடுக்காகப் பிரித்து எடுத்து, தனித்தனியாக வைத்து, அதே வரிசையில் போட வேண்டும். பக்கத்தில் தோண்டாத நிலத்தின் மகசூலுக்குச் சமமாக மூன்று பயிர் வருடம் விளைவித்துக் காட்டிய பிறகுதான் கம்பெனி கட்டிய பிணைத்தொகை முழுசாகத் திரும்பக் கிடைக்கும். அங்கே அது மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும். டெல்டா நெல்லுக்கு இப்படி ஒரு நிபந்தனை போட்டால் எந்தக் கம்பெனியும் கையெழுத்துப் போடாது என்பது என் கணிப்பு. அதனால்தான் அந்த நிபந்தனையைக் கேட்கச் சொல்கிறேன்.

எந்தத் திட்ட அறிக்கை உங்கள் கைக்கு வந்தாலும், முன்னுரை, மரக்கன்று எண்ணிக்கை எல்லாம் விட்டுவிட்டு நிலப் பயன்பாட்டு அட்டவணைக்குப் போங்கள். சுரங்கத்துக்கு முன், சுரங்கம் முடிந்த பின் என்று இரண்டு பத்தி இருக்கும். முன் பத்தியில் "விவசாயம்" நூற்றுக்கணக்கான ஹெக்டேர் இருக்கும். பின் பத்தியில் அந்த வரி பெரும்பாலும் பூஜ்யமாகி, "தோட்டம்", "நீர்நிலை", "மேல்மண் மேடு" என்று பிரிந்திருக்கும். அந்த நீர்நிலை என்பது நிரப்ப மண் போதாமல் விட்ட கடைசிப் பள்ளம். அந்த ஒரு பக்கத்தை நகல் எடுத்து ஊர் முழுக்கக் கொடுத்தாலே போதும்.

குத்தகைக்காரர் விஷயம். எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம். 2013 நில எடுப்புச் சட்டம் குத்தகைதாரர், வாரதாரர், விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று சேர்க்கிறது, மூன்று வருடம் முன்பிருந்தே அந்த நிலத்தை நம்பி வாழ்ந்திருந்தால். பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்றும் சொல்கிறது. ஆனால் நிலக்கரிக்கு 1957 சட்டமோ, தமிழ்நாட்டின் 1997 தொழில் நோக்க நில எடுப்புச் சட்டமோ வந்தால் இந்தப் பாதுகாப்புகள் அப்படியே வராது. 1957 சட்டமென்றால் எடுக்கும் எண்ணத்தை அறிவித்த 30 நாளுக்குள் ஆட்சேபணை கொடுத்தாக வேண்டும். எதுவானாலும் காகிதத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால் நீங்கள் அங்கே இல்லை. கோயில் நிலத்தில் அப்பா, தாத்தா காலத்திலிருந்து செய்து, ரசீதுகூட இறந்துபோன பெரியவர் பெயரிலேயே வரும் குடும்பங்கள் நம் பக்கம் எத்தனையோ.

2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்காக வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் வரும் நேரத்து வயலில் இயந்திரம் இறங்கியதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலங்களை எடுத்துப் பல வருடம் ஆகியிருந்தது. கையில் நிலம் இருக்கிறதே என்று மக்கள் பயிர் வைத்துக்கொண்டே இருந்தார்கள். அவார்டு, அதாவது இழப்பீட்டு உத்தரவு, ஆன நாளிலிருந்து காகிதத்தில் கதை முடிந்துவிட்டது, வயலில் மட்டும் தெரியவில்லை. ஆகவே வரும் ஒவ்வொரு நோட்டீஸையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969-இல் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று தாசில்தார் அலுவலகத்தில் பாருங்கள், இல்லையென்றால் விண்ணப்பியுங்கள். குத்தகை ரசீதை உங்கள் பெயருக்கு மாற்றக் கோயில் நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு போகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (பயிர்ப் பதிவேடு) நகல் வாங்குங்கள், குறுவை போட்டால் குறுவை என்று அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் நாலைந்து போர்வெல்லைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு நாள், மோட்டார் ஓடாத காலை நேரத்தில், கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து ஒரே நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதே இடங்களில் வயலையும் வாய்க்காலையும் படம் எடுத்து வையுங்கள். சித்திரையில் எடுத்த படத்தோடு யாராவது வந்தால் பக்கத்தில் வைத்துக் காட்ட அது வேண்டும். மதகு மட்டம், வாய்க்கால் மட்டம் நீர்வளத்துறையின் பிரிவு அலுவலகத்தில் இருக்கும், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் வாங்கலாம். கேட்கும்போது உங்கள் ஊர்க் கிளை வாய்க்கால்களின் பெயரை ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள், பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.